கடலுக்கு அந்தப் பக்கம் குறைத்த வரி

பாம்பன் பாலத்தைக் கடந்து ராமேஸ்வரம் சாலையில் போகிறவர்களுக்குப் பாம்பனை அடுத்து வருவது அக்காள்மடம். அதற்கு அப்பால் தங்கச்சிமடம். இந்த இரண்டு ஊர்களும் பிறந்த கதையைச் சேது நாட்டு மக்கள் ஒரு வசூலோடு சேர்த்தே சொல்லி வந்திருக்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ராமநாதபுரத்தில் விஜயரகுநாத சேதுபதியின் ஆட்சி. தன் மகள்கள் இருவரையும் ஒருவருக்கே மணம் முடித்துக் கொடுத்த மன்னர், அந்த மருமகனைப் பாம்பன் பகுதிக்குப் பொறுப்பாக வைத்தாராம். காசியிலிருந்து மாதக்கணக்கில் நடந்து வந்த யாத்திரைக்காரர்கள் பாம்பனில் தோணி ஏறித்தான் ராமேஸ்வரம் கோயிலுக்குப் போக முடியும். வேறு வழி கிடையாது. அந்தத் துறையில் காத்து நின்றவர்களிடம் மருமகன் பணம் வாங்கத் தொடங்கினார். செய்தி அரண்மனைக்குப் போனது. சேதுவுக்கு வருகிறவர்களைக் காப்பதே தன் கடமை என்று பட்டம் சூடிய மன்னர், மருமகனுக்கு மரண தண்டனை விதித்தார். மகள்கள் இருவரும் தீப்பாய்ந்தார்கள். அவர்கள் நினைவாக யாத்திரைக்காரர் தங்குவதற்கு எழுந்த மடங்களைச் சுற்றி இரண்டு ஊர்களும் வளர்ந்தன என்பது வழிவழியாக வரும் கதை.

தண்டனை கொடியது. அந்தப் பெண்களுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடியது. ஆனாலும் முந்நூறு ஆண்டுகளாக இந்தக் கரை இந்தக் கதையை விடாமல் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. போக்கிடம் இல்லாதவன் மடியில் கை வைத்து வாங்கும் வரியை இங்கே யாரும் ஏற்றதில்லை.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்தக் கேள்வியின் மறுபக்கத்தை. யாரிடம் வாங்கலாம் என்பது ஒன்று. யாருக்கு விட்டுக்கொடுக்கலாம் என்பது இன்னொன்று. செல்வந்தருக்கும் பெரிய கம்பெனிக்கும் வரியைக் குறைத்தால் அந்தப் பணம் தொழிலாகவும் வேலையாகவும் கூலியாகவும் மாறிக் கீழே இருப்பவரை வந்தடையும் என்று ஒரு வாதம் உலகம் முழுவதும் சொல்லப்படுகிறது. அதைச் சோதித்துப் பார்க்க அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. அக்காள்மடத்தில் நின்றுகொண்டு மேற்கே பார்த்தால் ஒரு சோதனை, கிழக்கே பார்த்தால் ஒரு சோதனை. மேற்கே நடந்தது இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால். கிழக்கே நடந்தது 2019இல்.

முதலில் மேற்கே.

1793இல் காரன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1802இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1803இல் மங்களேஸ்வரி நாச்சியார் பெயரில் ராமநாதபுரம் சீமை ஜமீனாயிற்று. ஜமீன்தார் கிழக்கிந்தியக் கம்பெனி அரசுக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் தொகை ஒரே தடவையில் நிர்ணயிக்கப்பட்டது. இனி எக்காலத்துக்கும் ஏறாது. நிலத்தில் விளைச்சல் கூடினாலும் தானிய விலை உயர்ந்தாலும் கூடுதல் வரும்படி முழுவதும் ஜமீனுக்கே. அன்று இதற்குச் சொன்ன நியாயம் இன்று பட்ஜெட் நாளில் தொலைக்காட்சியில் கேட்கும் நியாயம்தான். பணத்தை நில உடைமைக்காரரிடம் விட்டுவைத்தால் அவர் கண்மாயை ஆழப்படுத்துவார், மடையைச் செப்பனிடுவார், தரிசைத் திருத்துவார், நாடு செழிக்கும்.

தொடக்கத்தில் அந்தத் தொகை சிறியதன்று, வசூலில் பெரும்பங்கை அது விழுங்கியது. அதனால் முதல் நாளிலேயே அதை வரிச்சலுகை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆண்டுகள் போகப்போக விலைவாசி ஏற, நிலைத்து நின்ற பேஷ்குஷின் பாரம் குறைந்துகொண்டே போனது. குடியானவர் விளைச்சலில் பங்காகக் கொடுத்த வாரம் மட்டும் குறையவில்லை. அந்த வித்தியாசம் முழுவதும் ஜமீனில் தங்கியது.

அது எங்கே போனது? ஒரு பெரும்பகுதி வழக்குமன்றத்துக்குப் போனது. 1863இல் சிவகங்கை ஜமீனின் வாரிசு வழக்கும், 1868இல் ராமநாதபுரம் ஜமீனின் தத்து வழக்கும் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் சென்று தீர்ப்பாயின. சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள். அந்தத் தீர்ப்புகளுக்குப் பின்னால் இருக்கும் பல்லாண்டு வக்கீல் செலவு, முகவை எனப்படும் ராமநாதபுரம், சிவகங்கைக் குடியானவரின் நெல்லிலிருந்தும் கேழ்வரகிலிருந்தும் வந்தது. இன்னொரு பகுதி அரண்மனைச் செலவுக்கும் வட்டிக்கும் போனது. 1889இல் பொறுப்பேற்ற பாஸ்கர சேதுபதி பெரிய மனம் கொண்டவர். விவேகானந்தர் சிகாகோ போக ஊக்கம் கொடுத்தவர். 1897 ஜனவரி 26 அன்று அவர் திரும்பி வந்து பாம்பனில் இறங்கியபோது நேரில் நின்று வரவேற்றவர். அக்காள்மடத்துக்குப் பக்கத்தில் குந்துகாலில் இருக்கும் நினைவிடம் அந்த நாளைத்தான் சொல்கிறது. கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த பாஸ்கர சேதுபதியின் காலத்திலேயே ஜமீன் மீளாக் கடனில் விழுந்தது. 1903இல், முப்பத்தைந்து வயதில் காலமானார்.

இந்தக் கணக்கில் கண்மாய்க்கு வந்தது மிகக் குறைவு. ராமநாதபுரம் மழை மறைவுச் சீமை. கண்மாய் நிறைந்தால் சோறு, நிறையாவிட்டால் ஊரைவிட்டுப் போக வேண்டும். ஜமீன் காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்மாய்கள் தூர்ந்தன. கரைகள் உடைந்து கிடந்தன. மராமத்தை யார் செய்வது என்ற தகராறு தலைமுறைகளைத் தாண்டி ஓடியது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது அரசாங்கம் ஏற்றுக்கொண்டது இப்படிப்பட்ட ஒரு சீமையைத்தான். அதற்கு வெகுகாலம் முன்பே முகவைக்காரர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் கப்பலேறிவிட்டார்கள். மண்டபத்தில் முகாம் அமைத்து நோய்த்தடுப்புச் சோதனை நடத்தி, 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலில் அவர்களை அனுப்பி வைத்தார்கள். அந்த முகாமின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது மறுபடி வரும்.

இனி கிழக்கே.

2019 நவம்பர் 16 அன்று கோட்டாபய ராஜபக்ச இலங்கையின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் நடந்த ஈஸ்டர் குண்டுவெடிப்புகளால் சுற்றுலா படுத்திருந்தது, வியாபாரம் மந்தமாக இருந்தது. வரியைக் குறைத்தால் எல்லாம் எழுந்துவிடும் என்பது அவருடைய தேர்தல் வாக்குறுதி. அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர தேர்தலுக்கு முன்பே எச்சரித்தார்: இந்த வாக்குறுதியை நிறைவேற்றினால் நாடு திவாலாகும். அதைத் தேர்தல் பேச்சு என்று ஒதுக்கிவிட்டார்கள். 2021 ஆகஸ்டில் கொரோனாவுக்குப் பலியான மங்கள, தாம் சொன்னது அப்படியே பலித்ததைப் பார்க்க இருக்கவில்லை.

பதவியேற்ற சில நாட்களிலேயே, நவம்பர் முடிவதற்குள், அமைச்சரவை முடிவெடுத்தது. வாட் என்று நாம் சொல்லும் பெறுமதி சேர் வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி ஒழிந்தது. கம்பெனிகளின் பொதுவான வரி விகிதம் 28இலிருந்து 24 ஆனது. தனிநபர் வருமான வரியில் மேல்தட்டு விகிதம் 24இலிருந்து 18 ஆனது. சம்பளம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொள்ளும் கட்டாய முறையும், வட்டி வருமானத்தில் பிடிக்கும் வரியும் எடுக்கப்பட்டன.

அந்தப் பட்டியலில் ஒரு வரி மட்டும் தனியாக நின்று பார்க்கத் தகுந்தது. ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் வரை வருமானம் இருந்தால் வரி இல்லை என்றார்கள். அதாவது மாதம் இரண்டரை லட்சம் வரை. சம்பளக்காரருக்கு அதற்கு முன் இருந்த வரம்பு ஆண்டுக்கு 12 லட்சம். அதே 2019இல் இலங்கை அரசே எடுத்த குடும்ப வருமானக் கணக்கெடுப்பில், நாட்டின் குடும்பங்களில் சரிபாதி மாதம் சுமார் 53,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதித்தன. மன்னார் பேசாலையிலோ யாழ்ப்பாணத்துக் குருநகரிலோ கடலுக்குப் போகும் ஒருவர் அந்த ஆண்டுக்கு முன்பும் வருமான வரி கட்டியதில்லை, பின்பும் கட்டியதில்லை. அவருக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இருக்கவில்லை. சலுகை மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கியவரிடம் தொடங்கி, மேலே போகப்போகப் பெருத்தது.

வாட் வரி எல்லாரும் கட்டுவது, ஏழைக்கும் அதில் பங்கு உண்டு என்று கேட்கலாம். சரியான கேள்விதான். விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததால் கடைவிலை சற்றே இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அதோடு இன்னொன்றையும் செய்தார்கள். மாதம் 10 லட்சம் ரூபாய் வியாபாரம் செய்தாலே வாட் பதிவு வேண்டும் என்றிருந்ததை இரண்டரைக் கோடி என்று உயர்த்திவிட்டார்கள். பதிவு செய்த வியாபாரிகள் சுமார் 29,000 பேரிலிருந்து ஒரே ஆண்டில் 8,000 சொச்சத்துக்கு வந்தார்கள். வருமான வரிப் பதிவேட்டிலும் மூன்றில் ஒரு பங்குப் பெயர்கள் மறைந்தன. விகிதத்தைக் குறைத்தால் அடுத்த ஆண்டு திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். பதிவேட்டையே கலைத்துவிட்டால் அதை மறுபடி சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். இலங்கை செய்த தவறுகளில் ஆழமானது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

2019இல் இலங்கை அரசின் வரி வருவாய் சுமார் 1,73,000 கோடி இலங்கை ரூபாய். 2020இல் சுமார் 1,22,000 கோடி. கொரோனா வந்ததும் இந்தச் சரிவுக்கு ஒரு காரணம். ஆனால் ஃபிட்ச் என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் இலங்கையின் எதிர்காலம் இறங்குமுகம் என்று அறிவித்தது 2019 டிசம்பரிலேயே. அப்போது கொரோனா என்ற பெயரை இலங்கையில் யாரும் கேட்டிருக்கவில்லை. உலகச் சந்தையில் கடன்பத்திரம் விற்றே பழைய கடனை அடைத்துக்கொண்டிருந்த நாடு அது. 2020க்குள் அந்தக் கதவு மூடிக்கொண்டது. பிறகு மத்திய வங்கி பணத்தை அச்சடித்தது. 2019 முடிவில் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2021 முடிவில் 310 கோடியாகச் சுருங்கியது. 2022 மே மாதத்தில், உடனே எடுத்துச் செலவழிக்கக்கூடியது 5 கோடி டாலர்கூட இல்லை என்று நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார்.

டாலர் இல்லாவிட்டால் எண்ணெய்க் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். மண்ணெண்ணெய் வரிசை நீளும். மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் வெளி இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகு கரையில் கிடக்கும். மருந்து இல்லை, பால்மா இல்லை, சமையல் எரிவாயு இல்லை. தாள் இல்லாமல் பள்ளித் தேர்வுகளே தள்ளிப்போயின. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. அதற்கு மூன்று வாரம் முன்னதாகவே அந்தச் செய்தி நம் கரைக்கு வந்துவிட்டது, மனிதர்களாக.

2022 மார்ச் 22. தனுஷ்கோடியின் அரிச்சல்முனையை அடுத்த மணல்திட்டு ஒன்றில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இறக்கிவிடப்பட்டுத் தவித்து நின்றது. கடலோரக் காவல் படையினர் அவர்களை மீட்டார்கள். அன்றிரவு இன்னொரு படகும் வந்தது. ஒரே நாளில் பதினாறு பேர், யாழ்ப்பாணம், மன்னார், வவுனியாப் பக்கத்து ஆட்கள். போர்க்காலத்தில் குண்டுக்குப் பயந்து வந்தவர்களை ராமேஸ்வரம் தீவு நன்றாக அறியும். அரிசி விலைக்குப் பயந்து கடலைத் தாண்டியவர்களை அன்றுதான் கண்டது. அடுத்து வந்த மாதங்களில் அந்த எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. அவர்களை வைத்தது மண்டபம் முகாமில். முந்தைய நூற்றாண்டில் வறண்ட முகவையிலிருந்து இலங்கைக்குப் பிழைக்கப் போனவர்களைச் சோதித்து அனுப்பிய அதே மண்டபம். தனுஷ்கோடியிலிருந்து அங்கே போகச் சாலை ஒன்றுதான். தங்கச்சிமடம், அக்காள்மடம், பாம்பன் வழியாகத்தான் அந்த வண்டிகள் போயின.

வந்தவர்களில் ஒருவர்கூட அந்த வருமான வரிச் சலுகையால் ஒரு ரூபாய் பெற்றிருக்க முடியாது என்பதை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

ஏன் அது கீழே வந்து சேரவில்லை? இதை இந்தக் கரைக்காரர்களுக்குப் பொருளாதாரப் பேராசிரியர் வந்து விளக்க வேண்டியதில்லை. பாக் நீரிணையின் இரண்டு கரையிலும் படகுத் தொழில் பங்கு முறையில்தான் நடக்கிறது. மீன் விற்ற பணத்தில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தைப் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். தமிழ்நாட்டு அரசு விற்பனை வரி இல்லாமல் டீசல் கொடுக்கிறதே, அது பிரிப்பதற்கு முன்னால் கழிக்கும் செலவைக் குறைக்கிறது; அதனால் மிச்சம் கூடுகிறது, வலை இழுப்பவரின் பங்கும் கூடுகிறது. ஆனால் பங்கு பிரித்து முடிந்த பிறகு, படகுச் சொந்தக்காரர் தன் பங்குக்குக் கட்டும் வருமான வரியை அரசு குறைக்கிறது என்று வையுங்கள். அதில் ஒரு காசு வலை இழுத்தவர் கைக்கு வருமா? வர வேண்டும் என்றால் சொந்தக்காரர் அந்தப் பணத்தில் இன்னொரு படகு கட்ட வேண்டும். கடலில் மீன் இருந்து, வாங்க ஆளும் இருந்தால்தான் அவர் கட்டுவார். அவை இரண்டும் இருந்தால் வரி குறையாவிட்டாலும் கடன் வாங்கியாவது கட்டியிருப்பார். இல்லாவிட்டால் பணம் நகையாகவும் மனையாகவும் மாறும். 2020இல் இலங்கைத் தொழிலதிபர்களுக்கும் இதே நிலைதான். ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு வெளிநாட்டுப் பயணிகள் குறைந்தார்கள், பிறகு ஊரடங்கில் கடையே திறக்கவில்லை. கையில் மிஞ்சிய பணத்தை எந்தத் தொழிலில் போட்டிருப்பார்கள்?

இலங்கையின் வீழ்ச்சி முழுவதையும் வரிக்குறைப்பின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த வெளிக்கடன் இருந்தது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தார்கள், நெல் விளைச்சலும் தேயிலையும் படுத்தன. ரூபாயின் மதிப்பை 200 என்ற அளவில் பிடித்து வைத்துக் கையிருப்பைக் கரைத்தார்கள். உக்ரைன் போர் எண்ணெய் விலையை ஏற்றியது. இவை எல்லாம் உண்மை. ஆனாலும் இத்தனை அடியையும் தாங்க ஓர் அரசுக்குத் தேவைப்படுவது கையிருப்பும், கடன் கொடுப்பவரின் நம்பிக்கையும். வரிக்குறைப்பு முதல் அடியிலேயே இரண்டையும் தட்டிப் பறித்துவிட்டது.

வரியைக் குறைப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டு வரலாற்றிலேயே எதிர்ச் சான்று இருக்கிறது. 1973-74இல் இந்தியாவில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் வந்தால், அந்த மேல்பகுதியில் நூற்றுக்கு 97 ரூபாய் 75 காசு வரி. அதை நேர்மையாகக் கட்டியவர் சொற்பம். கறுப்புப் பணம்தான் பெருகியது. அரசு அமைத்த வாஞ்சூ குழு அதை முன்பே சுட்டிக்காட்டி விகிதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தது. 1991இல் அமைந்த வரிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய தமிழர் ராஜா செல்லையா, மிதமான விகிதம், விரிந்த வரித்தளம் என்ற பாதையைக் காட்டினார். 1997 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் வருமான வரியை 10, 20, 30 என்ற மூன்று படிகளுக்கு இறக்கினார். அடுத்து வந்த காலத்தில் வரி கட்டுவோர் எண்ணிக்கையும் வசூலும் பெருகின. கட்டவே முடியாத விகிதத்தைக் கட்டக்கூடியதாக்கியதும், அதோடு கூடவே பதிவேட்டை விரித்ததும் அந்தச் சீர்திருத்தத்தின் பலம். இலங்கை செய்தது அதற்கு நேர் எதிர். ஏற்கெனவே மிதமாக இருந்த விகிதத்தை இறக்கி, பதிவேட்டையும் சுருக்கியது.

இலங்கைக்கு இரண்டு மாதம் முன்னால் டெல்லியிலும் ஒரு குறைப்பு நடந்தது. 2019 செப்டம்பர் 20 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், விலக்குகளைக் கைவிடும் கம்பெனிகளுக்கு வரி 30இலிருந்து 22 விழுக்காடு என்றும், புதிதாகத் தொடங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 என்றும் அறிவித்தார். ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே அன்று சொன்னது. முதலீடு பெருகும், வேலை பெருகும் என்பது எதிர்பார்ப்பு. இந்தியா பெரிய நாடு, கடனில் பெரும்பகுதி உள்நாட்டு ரூபாயில் இருப்பது. அதனால் இலங்கைக்கு வந்த கதி நமக்கு வரவில்லை. ஆனால் எதிர்பார்த்தது நடந்ததா? தலைமைப் பொருளாதார ஆலோசகர் அனந்த நாகேஸ்வரன் தயாரித்த 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே பதில் சொல்கிறது. 2020க்கும் 2023க்கும் இடையில் கம்பெனிகளின் வரிக்கு முந்தைய லாபம் ஏறக்குறைய நான்கு மடங்கானது, வேலைக்கு ஆள் எடுப்பதும் சம்பளமும் அதற்கு ஈடாக உயரவில்லை என்று அரசின் சொந்த அறிக்கை வருத்தப்பட்டது. 2023-24இல் கம்பெனிகள் கட்டிய வரியைவிடத் தனிநபர்கள் கட்டிய வருமான வரி அதிகம். மாதச் சம்பளக்காரர், சிறு தொழில்காரர் உள்ளிட்ட தனிநபர்கள் சேர்ந்து, லாபம் பெருகிய கம்பெனிகளை வரி கட்டுவதில் முந்திவிட்டார்கள். இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

உலகத் தரவும் இதையே காட்டுகிறது. டேவிட் ஹோப், ஜூலியன் லிம்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பதினெட்டு வளர்ந்த நாடுகளின் ஐம்பது ஆண்டுக் கணக்கை எடுத்து, பணக்காரர்களுக்குப் பெரிய வரிக்குறைப்பு நடந்த பிறகு என்ன ஆனது என்று 2020இல் ஆராய்ந்து சொன்னார்கள். மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரின் வருமானப் பங்கு கூடியது. தலா உற்பத்தியிலோ வேலையின்மையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2022 செப்டம்பரில் பிரிட்டனில் லிஸ் டிரஸ் அரசு 45 விழுக்காட்டு மேல்தட்டு விகிதத்தை நீக்குவதாக அறிவித்தது. பவுண்டு சரிந்தது, பத்தே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள், அக்டோபர் 20இல் பிரதமரே பதவி விலகுவதாகச் சொன்னார். பவுண்டுக்குச் சொந்தக்கார நாட்டுக்கே பத்து நாளில் பாடம் கிடைத்தது. இலங்கைக்கு இரண்டரை ஆண்டு பிடித்தது, விலையும் அதிகம்.

அந்த விலையை யார் கொடுத்தார்கள் என்பதோடு இந்த வாரத்துச் செய்தி முடிகிறது. 2022 ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள், 13ஆம் தேதி கோட்டாபய நாட்டைவிட்டுப் போனார், மறுநாள் பதவி விலகினார். கொழும்பில் விலைவாசி உயர்வு செப்டம்பரில் ஏறக்குறைய 70 விழுக்காட்டைத் தொட்டது. உணவுப் பொருள் மட்டும் பார்த்தால் 95 விழுக்காட்டுக்கு அருகில். தமிழ்நாட்டு மக்களிடமிருந்தும் அரசிடமிருந்தும் 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, மருந்துகள் என்று உதவி போனது. முதல் கப்பல் 2022 மே 18 அன்று சென்னையிலிருந்து கிளம்பியது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது.

அதற்கான நிபந்தனைகளில் வரியும் திரும்ப ஏறியது. கம்பெனிகளுக்கு 30 விழுக்காடு, தனிநபர் மேல்தட்டுக்கு 36. வரம்பு மறுபடி 12 லட்சத்துக்கு இறங்கியது. இவை நியாயமான திருத்தங்கள். ஆனால் வாட் வரி பழைய 15இல் நிற்கவில்லை, 2024 ஜனவரியில் 18 ஆனது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. மன்னார்க் கரையில் படகு தள்ளும் ஒருவருக்கு 2019இல் வருமான வரியில் எதுவும் குறையவில்லை. ஆனால் 2022 ஆகஸ்டில் படகுக்கு ஊற்றும் எண்ணெய் ஏறக்குறைய நான்கு மடங்கு விலையானது, பிறகு வாட் உள்ள எந்தப் பொருளை வாங்கினாலும் 2019 குறைப்புக்கு முன் இருந்ததைவிட மூன்று விழுக்காட்டுப் புள்ளி கூடுதல் வாட் என்றானது.

2023 நவம்பர் 14 அன்று இலங்கை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். கோட்டாபய ராஜபக்ச, மகிந்த ராஜபக்ச, பசில் ராஜபக்ச, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள், நிதித் துறை உயர் அதிகாரிகள் ஆகியோர் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் மக்கள் தங்கள்மேல் வைத்த பொறுப்பை மீறினார்கள் என்பது தீர்ப்பு. அந்த வழக்கில் ஆராயப்பட்ட செயல்களில் 2019 வரிக்குறைப்பும் ஒன்று. ஒரு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஒரு வரிச்சலுகையை மக்களுக்கு இழைத்த தவறுகளோடு சேர்த்துப் பார்த்தது அபூர்வம். அடுத்த தடவை கொழும்பிலோ டெல்லியிலோ மேல்தட்டுக்கு வரிச்சலுகை அறிவிக்கும் நாளில், போகும் வருவாய் எவ்வளவு, அந்த ஓட்டையை யார் பணத்தால் அடைக்கப்போகிறீர்கள் என்று கேட்க மக்கள் பிரதிநிதிகளுக்கு இனி இந்தத் தீர்ப்பு கையில் இருக்கிறது.